முதுகுப் பக்கம்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, விறைப்பாக இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். பிறகு விலகிப் போக வேண்டும். மறுபடி கிட்டே வர வேண்டும். உருளை இஸ்திரியிலிருந்து விரிப்பு சுடச்சுட வந்து விழும். சூடு ஆறுவதற்குள் மடித்தால்தான் மடிப்பு நிற்கும். சலவைக்கூடத்தில் பல வருஷம் எனக்கு எதிர்முனையில் நின்றவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அவ்வளவுதான்.

அந்த வேலையில் பேச்சும் அப்படித்தான் நடக்கும். இயந்திரச் சத்தத்தில் தள்ளி நின்று பேசினால் ஒன்றும் காதில் விழாது. கிட்டே வரும்போது ஒரு வாக்கியம், விலகிப் போனால் மௌனம், அடுத்த முறை வரும்போது மீதி. அவள் வீட்டில் நடந்ததை இப்படித் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். சிலதை அவள் நாத்தனார் சொன்னாள். கடைசியில் நடந்ததை மட்டும் நானே இருந்து பார்த்தேன்.

அக்காவுக்கு ஒரே பையன், ஒன்பது வயது. அவனைப் பெயர் சொல்லி அந்த வீட்டில் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதலாளி என்பார்கள். பட்டம் வைத்தது அவனுடைய அத்தை, அதாவது அக்காவின் நாத்தனார். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடு இருந்தவள். முன்னறையில் தையல் மெஷின் போட்டுச் சீருடைகளும் தலையணை உறைகளும் தைப்பாள். பையன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஊசி ஏறி இறங்குவதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். "நான் ஒழுங்கா தைக்கிறேனான்னு மேற்பார்வைக்கு வந்துட்டார் முதலாளி. சம்பளம்னு கேட்டா மட்டும் வாயத் திறக்கமாட்டார்" என்று அத்தை ஒருநாள் சொன்னாள். அதுவே நிலைத்துவிட்டது.

அவனுக்குப் பேச்சு வரவில்லை. காது கேட்கும். சொல்வதில் பாதி புரியும். ஏதாவது வேண்டுமென்றால் கத்துவான். கத்தியும் நமக்குப் புரியவில்லையென்றால் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வான். கடித்துக் கடித்து அந்த இடத்தில் தோல் செருப்பு வார் மாதிரி தடித்துப் போயிருந்தது.

அவனைப் போன்ற பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஆள் சின்னவளாகவும் குரல் பெரியதாகவும் ஒரு டீச்சர் அங்கே புதிதாக வந்தாள். அவள்தான் அவனுக்குத் தோளைத் தட்டக் கற்றுக்கொடுத்தாள். ஒரு டீச்சர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். இன்னொருத்தி அவன் கையைப் பிடித்துக் கொண்டுபோய், இரண்டு விரலால் அவள் தோளில் தட்ட வைப்பாள். உட்கார்ந்திருப்பவள் உடனே திரும்பி, "என்னடா?" என்று கேட்பாள். தட்டினால் ஆள் திரும்பும், திரும்பினால் கேட்கலாம். இதை அவன் மண்டையில் ஏற்ற மாதக்கணக்கில் ஆயிற்று. டீச்சர் வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லி அனுப்பினாள். அவன் தட்டினால் கையில் இருப்பது கீழே விழுந்தாலும் பரவாயில்லை, திரும்பிவிட வேண்டும். அவன் தட்டுவதற்கும் நீங்கள் திரும்புவதற்கும் நடுவில் ஒரு மூச்சுகூட இருக்கக்கூடாது.

முதன்முதலாக வீட்டில் அவன் அக்காவைத் தட்டியபோது அவள் முட்டை அவித்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாளாம். பாத்திரத்தோடு திரும்பியதில் தண்ணீர் காலில் பட்டுவிட்டது. மறுநாள் காலில் மருந்துத் துணியோடு வேலைக்கு வந்தாள். முகத்தைப் பார்த்தால் யாரோ தங்கச் சங்கிலி போட்டுவிட்ட மாதிரி இருந்தது. "ரெண்டே விரல்டீ. பூச்சி உக்காந்த மாதிரி. வாழைப்பழம் வேணுமாம் துரைக்கு" என்றாள். அன்று முழுக்க விரிப்பு மடிக்கும்போது என் பக்கம் வரும் ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். கடிப்பதும் குறைந்தது. மணிக்கட்டில் தடித்த தோல் உரிந்து, கீழே புதுத் தோல் சிவப்பாகத் தெரிந்தது.

இதெல்லாம் பள்ளி நடக்கும் வரைதான். அங்கே கோடை விடுமுறை நீளமானது. மற்றப் பிள்ளைகள் அதில் விளையாடும், ஊர் சுற்றும். இவனுக்கு மட்டும் விடுமுறை என்பது ஒழுகும் வாளி. போன கோடையில் கழிப்பறைக்குத் தானே போவது போயிற்று, கரண்டி பிடிப்பது போயிற்று. பள்ளி திறந்த பிறகு அதையெல்லாம் திரும்பப் பிடிக்க அரை வருஷம் ஓடிவிட்டது.

கோடையிலும் பள்ளியைச் சில பிள்ளைகளுக்கு மட்டும் திறந்து வைப்பார்கள். யார் யாருக்கு என்று முடிவு செய்ய மேலே ஒரு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வருவார். நல்ல மனுஷிதான், மெதுவாகப் பேசுவார். ஆனால் அவர் பார்ப்பது ஒன்றே ஒன்று. விடுமுறையில் பிள்ளை கற்றதை இழக்கிறதா, இழந்தால் திரும்பி வர நாளாகிறதா. வருஷ நடுவில் வரும் சின்ன விடுமுறைக்கு முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் பிள்ளையைச் சோதித்து வைத்துக்கொள்வார்கள். அதுதான் கணக்கு.

முந்தின வருஷம் அந்தச் சின்ன விடுமுறைக்கு அக்கா லீவு போட்டாள். சாப்பிடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பையனோடு உட்கார்ந்து பழக்கினாள். பள்ளி திறந்தபோது அவன் எதையும் மறந்திருக்கவில்லை. அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வீட்டில் இவ்வளவு அருமையாகப் பார்த்துக்கொள்கிறீர்கள், உங்கள் பையனுக்குக் கோடை வகுப்பு தேவையே இல்லை என்று பாராட்டிவிட்டுப் போனார். கோடை முழுக்க லீவு எடுக்க அக்காவால் முடியுமா? சலவைக்கூடத்தில் கோடையில்தான் வேலை அதிகம். கோடையில் அவன் எல்லாவற்றையும் இழந்தான். பள்ளி திறந்து அதைப் போய்ச் சொன்னபோது அங்கே பழைய டீச்சரும் இல்லை, கோடைக்கு முன்னும் பின்னும் சோதித்து வைத்த கணக்கும் இல்லை. புது டீச்சர் நம்பினாள். ஆனால் தான் நம்புவது வேறு, மேலே காட்டுவது வேறு என்று வருத்தப்பட்டாள்.

இந்த வருஷம் சின்ன விடுமுறை நெருங்கியபோது, அக்காவின் வீட்டுக்காரர் ஒரு முடிவோடு இருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர், அதிகம் பேசமாட்டார். சாப்பிட்டுக்கொண்டே அக்காவிடம் சொன்னாராம்.

"ஓடிக்கிட்டிருக்கற லிஃப்ட்ட வந்து பாத்தா எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. நின்னுபோனாத்தான் கோளாறு தெரியும். இந்த லீவுல நீ ஒண்ணும் பழக்காத. மறக்கட்டும்."

"மறந்துட்டு திரும்ப வரலன்னா?"

"டீச்சர் இருக்காங்கல்ல. கோடை முழுக்கச் சொல்லித் தருவாங்க. நாம ஏமாத்தல. எப்படியும் கோடையில மறக்கத்தான் போறான். அத இப்ப காட்டறோம், அவ்வளவுதான்."

கழிப்பறையையும் கரண்டியையும் கைவிட அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அரை வருஷப் பாடு அது. அப்படியானால் ஒன்றை மட்டும் விடலாம் என்றார் அவர். தோளைத் தட்டுவது. புதிதாக வந்தது, சீக்கிரம் போகும், சீக்கிரம் வந்தும் விடும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கேட்டபோது எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஏற்பாடு இதுதான். சோறு, தண்ணீர், பழம், கழிப்பறை எல்லாம் நேரா நேரத்துக்கு அவன் கேட்காமலே நடக்கும். அவனுக்கு ஒரு குறையும் வராது. தட்டினால் மட்டும் யாரும் திரும்பக்கூடாது. அத்தையிடம் சொன்னபோது அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "மெஷின்ல உக்காந்தா எனக்கு இடி விழுந்தாலும் தெரியாது. எனக்கென்ன கஷ்டம்" என்றாளாம்.

அந்த விடுமுறை முழுக்க மழை. சலவைக்கூடத்தில் துணி காயாமல் குவிந்தது. எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. அக்கா பேசவே இல்லை. கிட்டே வரும்போதும் முனையைத் தந்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி விலகிப் போனாள். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குச் சொன்னவள் அத்தைதான். தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போனேன். தோள் பக்கத் தையல் பாம்பு போன தடம் மாதிரி கோணியிருந்தது. பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவள், தைக்காமல் பேச ஆரம்பித்தாள்.

முதல் நாள் அவன் அவளைத் தட்டிக்கொண்டே இருந்தானாம். அவள் கால் மிதியை விடவில்லை. தட்டினான், நின்றான், மறுபடி தட்டினான். விரல் போதவில்லை என்று நினைத்தானோ என்னவோ, உள்ளங்கையை முழுசாக வைத்துத் தட்டினான். அடுத்த தோளை மாற்றிப் பார்த்தான். பிறகு பக்கவாட்டில் வந்து மெஷினோரம் நின்று, எட்டி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் துணியைப் பார்த்தாள்.

"அவன் கத்தியிருந்தா நான் தாங்கியிருப்பேன். கடிச்சுக்கிட்டிருந்தா திரும்பியிருப்பேன். அவன் கோவப்படவே இல்லம்மா. என் தோள்ல ஏதோ ரிப்பேர்ங்கற மாதிரி, அப்படி இப்படித் தட்டிப் பாத்தான்" என்றாள் அத்தை.

அப்பாவையும் தட்டினான். அவர் தன் கருவிப் பெட்டியைத் திறந்துவைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து தட்டு வரை குனிந்தே இருந்தவர், குடைகூட எடுக்காமல் கீழே இறங்கிப் போய், வாசல் கதவோரம் மழையில் நின்றாராம். அக்கா சமையலறையில் நின்றபடி, அவன் தட்டும்போதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் இருந்தால் திரும்பாததற்கு ஒரு காரணம் இருக்கிற மாதிரி.

போகப்போகத் தட்டுவது குறைந்தது. விடுமுறை முடிகிற சமயம், மத்தியான நேரம். மெஷின் நின்றிருந்தது. வீடு சந்தடியில்லாமல் இருக்கிறதே என்று அத்தை உள்ளறையை எட்டிப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வலது கையைக் கொண்டுபோய்த் தன் இடது தோளைத் தானே இரண்டு விரலால் தட்டினான். உடனே திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. மறுபடி சுவர் பக்கம் திரும்பினான். மறுபடி தட்டினான். திரும்பினான். திரும்பியபோது அத்தை கதவில் நிற்பதைக் கண்டான். கண்டும் காணாதவன் போலப் பார்வையை எடுத்துக்கொண்டான்.

"நான் அன்னிக்கே அவங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் ரெண்டு நாள்தானேன்னு இருந்துட்டேன்" என்றாள். என் சட்டையை அவள் அப்புறமும் பிரிக்கவில்லை. கோணலோடேயே வாங்கி வந்தேன்.

பள்ளி திறந்தது. டீச்சர் முதுகைக் காட்டி உட்கார்ந்து காத்திருந்தாள். அவன் பின்னால் போய் நின்றான். கை தொங்கிக்கொண்டிருந்தது. நெடுநேரம் நின்றுவிட்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டான். அடுத்த நாளும் அப்படியே, அடுத்த வாரமும் அப்படியே. கையைப் பிடித்துத் தட்டவைத்தால் கை மரக்கட்டையாக வந்ததாம். டீச்சர் அக்காவை வரவழைத்து, லீவில் வீட்டில் ஏதாவது மாறுதல் நடந்ததா, ஜுரம் கிரம் வந்ததா, யாராவது ஊருக்குப் போனார்களா என்று கேட்டாள். அக்கா ஒன்றுமில்லை என்றாள். டீச்சரின் கண் கலங்கியிருந்தது. அவளுடைய உழைப்பு அல்லவா போயிற்று.

முடிவு செய்யும் நாளில் வட்ட மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். அந்த மெதுவாகப் பேசும் அம்மா, போன வருஷம் மறுத்ததற்கு மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லிவிட்டு, பெற்றவள் வாயால் கேட்கிறேன், பையனுக்கு என்ன ஆயிற்று என்றார். அக்காவின் வீட்டுக்காரர் மேஜைக்கடியில் தன் விரல் நகத்திலிருந்த எண்ணெய்க் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டான்" என்றாள் அக்கா.

ஒரே வார்த்தை. கோடை வகுப்பு கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு அந்தத் தொந்தரவு ஆரம்பித்தது. விரிப்பைப் பிடித்து என்னை நோக்கி வந்துகொண்டிருப்பாள். பாதி வழியில் சட்டென்று பின்னால் திரும்புவாள். அங்கே துணி வண்டி இருக்கும், இல்லாவிட்டால் சுவர். முதலில் யாரோ கூப்பிட்டார்கள் போல என்று நானும் எட்டிப் பார்த்தேன். பிறகு புரிந்தது.

"தட்டற மாதிரி இருக்குடீ. இந்தப் பக்கம், எலும்புக்கு மேல" என்று ஒருநாள் தோளைக் காட்டினாள். "வீட்டுல வரமாட்டேங்குது. இங்கதான். ட்ரம் சுத்த ஆரம்பிச்சா வந்துருது."

அனல் ஏறிய மாதங்கள் அவை. கூடத்தில் நீராவியும் வெயிலும் சேர்ந்து, கண்ணிமையெல்லாம் பஞ்சுத் தூசி ஒட்டி, ஆளாளுக்கு வெந்துகொண்டிருந்தோம். அவள் திரும்பும்போதெல்லாம் விரிப்பின் முனை நழுவித் தரையில் விழும். தரையில் விழுந்ததைத் திரும்பவும் துவைக்க வேண்டும். மேஸ்திரி இரண்டு தரம் பார்த்துவிட்டு, வெயில் மண்டைக்கு ஏறியிருக்கும், மோர் குடி என்றார். நான் என் பக்கத்து முனையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கப் பழகிக்கொண்டேன். அவள் விட்டாலும் விரிப்பு தரைக்குப் போகாது.

கோடை வகுப்பு பாதி ஓடியபோது டீச்சரிடமிருந்து நல்ல செய்தி வந்தது. தட்டுவது திரும்ப வந்துவிட்டது. முன்னைவிட நன்றாகவே வந்திருக்கிறது. இங்கே என்னைத் தட்டுகிறான், பஸ் டிரைவரைத் தட்டுகிறான், கூட்டிப் பெருக்க வரும் அம்மாவைத் தட்டித் துடைப்பத்தை வாங்கிக்கொள்கிறான், நீங்களே வந்து பாருங்கள் என்றாளாம். வீட்டில் அவன் யாரையும் தட்டியிருக்கவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அக்கா அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

அடுத்த நாள் அவள் சொன்னதை எந்த வரிசையில் சொன்னாளோ, அதே வரிசையில் சொல்கிறேன்.

வகுப்பறையில் ஆறேழு பேர் தரையில் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர், உதவிக்கு ஒருத்தி, வேறு ஒரு பையனின் அம்மா, மீதி பிள்ளைகள். அக்காவும் போய் அவர்களோடு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். டீச்சர் அவன் கையில் மூடியைத் திருக முடியாத ஒரு டப்பாவைக் கொடுத்தாள். உள்ளே பிஸ்கட் இருந்தது. யாரையாவது கூப்பிட்டுத் திறந்துகொள்ள வேண்டும். அக்கா தலையைத் திருப்பவில்லை. எதிரே கண்ணாடிக் கதவு இருந்தது, அதில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் டீச்சரைத் தட்டினான். அவள் திரும்பி, இன்னொருவரிடம் கேள் என்று கை காட்டினாள். உதவிக்காரியைத் தட்டினான். அவளும் கை காட்டினாள். அந்த வேறு பையனின் அம்மா, இவனுக்கு முன்பின் பழக்கமில்லாதவள். அவளையும் தட்டினான். அடுத்து அக்கா.

"எனக்குப் பின்னால வந்து நின்னான். கண்ணாடியில நல்லாத் தெரியுது. கையத் தூக்கவே இல்ல. நின்னுட்டு, என்னச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போனான். வழியில தூண் இருந்தா நாம சுத்திக்கிட்டு போவோமே, அப்படி."

இதைச் சொன்னபோது அவள் என் கிட்டே வந்திருந்தாள். முனைகளைச் சேர்த்துவிட்டு விலகிப் போக வேண்டும். போகவில்லை. அங்கேயே நின்றாள். பின்னால் விரிப்புகள் உருளையிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன.

"அப்பத்தான் டீச்சர்கிட்ட சொன்னேன். அவன் மறக்கல டீச்சர், மறக்கவே இல்ல. தட்டினா நாங்க திரும்பமாட்டோம்னு கத்துக்கிட்டான். நாங்கதான் சொல்லிக்கொடுத்தோம்னு சொன்னேன்."

டீச்சர் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

திட்டவில்லையாம். குற்றம் தனக்கும் சேர்த்துத்தான் என்கிற மாதிரி, இழந்தால்தான் தருவோம் என்று நாங்கள் ஏன் வைத்திருக்கிறோமோ தெரியவில்லை என்றாளாம். மேலே சொல்லப் போவதில்லை, கோடை வகுப்பு அவனுக்கு வேண்டியதுதான் என்றாள். வீட்டில் என்ன செய்வது என்று அக்கா கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொன்னாள். அவன் தட்டும்வரை காத்திருக்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் அவன் வந்து நிற்கிறான் என்று தெரிந்தாலே திரும்பிவிடுங்கள். எவ்வளவு நாளாகும் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

கோடை முடிந்து, பள்ளி திறந்து, மழைக்காலமும் வந்தது. அக்காவுக்கு ஜுரம் என்று சில நாள் வேலைக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதோ வித்தியாசமாக இருந்தது. சட்டென்று பிடிபடவில்லை. சாமான் எல்லாம் அதே சாமான்தான். தையல் மெஷின் ஜன்னல் வெளிச்சத்துக்காக முன்பு சுவரைப் பார்த்து இருந்தது. இப்போது அதைத் திருப்பிப் போட்டு, அத்தை சுவருக்கு முதுகை ஒட்டி, அறையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்து அவள் நிழலே துணியில் விழுந்தது. நாற்காலிகள் எல்லாம் சுவரோரம். சமையலறையில் அடுப்பு மேடையை லிஃப்ட்காரர் இடித்து எதிர்ப்பக்கம் கட்டியிருந்தார். அங்கே நின்று சமைத்தால் முன்னறைக் கதவு நேரே தெரியும். குழாய்க்கு மேல் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. லிஃப்டுக்குள் மாட்டும் கண்ணாடி அது.

அந்த வீட்டில் யாருக்கும் முதுகு இல்லை.

அக்கா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் எதிர்ச் சுவரோரம். எனக்கு உட்கார ஒரு ஸ்டூலை நடுவில் இழுத்துப் போட்டார்கள். டீ கொடுத்தார்கள். பையன் எங்கே என்றேன். உள்ளே இருக்கிறான் என்றார்கள். பள்ளியில் நன்றாகத்தான் இருக்கிறான், வீட்டில் ஏதாவது வேண்டுமென்றால் வந்து எதிரில் நிற்கிறான், நாம் பார்க்கும்வரை நிற்கிறான், முதுகுப் பக்கம் மட்டும் வருவதே இல்லை என்றாள் அத்தை. சொல்லிவிட்டு ஏதோ நினைவில் உள்ளறைப் பக்கம் பார்த்தாள். மூன்று பேருமே பேசிக்கொண்டிருக்கும்போது அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்தார்கள். பேச்சு நடுவில் அறுந்து அறுந்து போயிற்று.

நான் சலவைக்கூடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். புது உருளை வந்தது, அது முதல் நாளே தலையணை உறையைத் தின்றது, மேஸ்திரி அதன் வாய்க்குள் கையை விட்டு இழுத்தது. சொல்லிக்கொண்டே இருந்தவள் எதிரே பார்த்தேன். மூன்று பேர் முகமும் ஒரே நேரத்தில் மாறியிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார்கள். லிஃப்ட்காரரின் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

என் வலது தோளில் தட்டு விழுந்தது.

நான் திரும்பினேன். "என்னடா முதலாளி?" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மேஜைமேலிருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்தான். அவனுக்குப் பக்கத்திலேயே அத்தை இருந்தாள். குடத்துக்குப் பக்கத்தில் அக்கா இருந்தாள். அக்கா எழுந்தாள். ஜுரத்தில் கால் தள்ளாடியது. டம்ளரில் தண்ணீர் மொண்டாள். அவனுக்கு நேரே நீட்டப் போனவள், பாதியில் கையை மடக்கிக்கொண்டாள். அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீயே குடு" என்றாள்.

நான் கொடுத்தேன். அவன் குடித்துவிட்டு, டம்ளரை என் கையில் திணித்துவிட்டு, அத்தை பக்கத்தில் போட்டிருந்த தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டான். அத்தை மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். மிதித்தாளே தவிர, ஊசிக்கடியில் துணி இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒழிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்வந்தேன். கூப்பிடவும் இல்லை, காரணம் சொல்லவும் இல்லை. போனால் அந்த ஸ்டூல் நடுவில் இருக்கும். நான் உட்காருவேன். சில நாள் தட்டுவான், சில நாள் தட்டமாட்டான். நாளாக நாளாக அத்தையையும் ஒருமுறை தட்டினான். அவள் திரும்பும் வேகத்தில் கத்தரிக்கோல் காலடியில் விழுந்தது. பிறகு அப்பாவையும். அக்காவை அவன் தட்டவில்லை. நான் அந்த ஊரை விட்டு வரும்வரை தட்டவில்லை.

ஜுரம் தெளிந்து அக்கா வேலைக்குத் திரும்பிய நாள் நினைவிருக்கிறது. விரிப்புகள் குவிந்து கிடந்தன. பேசாமல் மடித்துக்கொண்டிருந்தோம். கிட்டே வந்தாள், விலகினாள், வந்தாள். பிறகு ஒருமுறை கிட்டே வந்தவள் முனைகளை என் கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

"அன்னிக்கு உன்னத் தட்டினானே, எப்படித் தட்டினான்? லேசாவா, அழுத்தியா?"

"லேசாத்தான்கா."

"ரெண்டு விரலா?"

"ஆமா."

சுற்றுமுற்றும் பார்த்தாள். மேஸ்திரி கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தார். அவள் என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"காட்டு" என்றாள்.

விரிப்பு இன்னும் சூடாக இருந்தது. அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையின் இரண்டு விரலால் அவள் தோளில், எலும்புக்கு மேலே, தட்டினேன். நான் விரலை எடுப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.